கன்னத்தில் ஒரு நெல்லிக்காய்

நான் எழுதும் எதையும் என் மகள் ஜெனி படிப்பதில்லை. "உங்க தமிழ் ரொம்ப நீளம்ப்பா" என்று முதல் பக்கத்திலேயே மூடிவைத்துவிடுவாள். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் கல்லூரியில் பெண் ஆசிரியர்களை எல்லோரும் 'மேடம்' என்றுதான் கூப்பிடுவோம். ஒருவரை மட்டும் 'டீச்சர்'. கூடலூருக்கு அந்தப் பக்கம் தேவர்சோலைக்காரர். அந்தப் பக்கத்து ஆட்களுக்குப் பேச்சில் பாதி மலையாளம் கலந்திருக்கும். வந்த முதல் நாளே ஸ்டாஃப் ரூமில், "மேடம்னு கூப்பிட்டா எனக்குப் பின்னாடி வேற யாரோ நிக்கிற மாதிரி இருக்கு. டீச்சர்னே சொல்லுங்க, பின்னே?" என்றார். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. கௌரவ விரிவுரையாளர் வேலை. வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால் உண்டு, இல்லாவிட்டால் பையைத் தூக்கவேண்டியதுதான்.

அவருடைய வாயைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். அப்பப்பா! கல்லூரி பஸ்ஸில் ஒரு பெண் போனில் சினிமா பார்த்துக்கொண்டிருந்தால் எட்டிப் பார்த்து, "கொலை பண்ணினது அந்தச் சித்தப்பாதான் மோளே, நீ நிம்மதியா பாரு" என்பார். பஸ்ஸே தலையில் அடித்துக்கொள்ளும். பிரின்சிபாலின் பிறந்தநாளுக்கு எல்லோரும் சேர்ந்து ரகசியமாக ஒரு ஸ்வெட்டர் வாங்கி வைத்திருந்தோம். இவர் விடுப்புக் கேட்கப் போன இடத்தில், "சார், பச்சைக் கலர் உங்களுக்குப் பிடிக்கும்தானே? இல்லைன்னா இப்பவே சொல்லிடுங்க, மாத்திடலாம்" என்று கேட்டுவிட்டு வந்தார். எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்த அன்று ரத்தப் பரிசோதனைக் கூடத்து வாசலில் இவர் கண்ணில்தான் பட்டுத் தொலைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் விருந்தில் பங்குச் சாமியார் என் கைக்கு எட்டாமல் கேக் தட்டை நகர்த்தி வைக்கிறார்.

கெட்ட மனசு என்று ஒருநாளும் சொல்லமாட்டேன். தெரிந்த விஷயத்தை வைத்துக்கொள்ள அவருக்குள் இடம் கிடையாது, அவ்வளவுதான். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பானையைத் திட்டி என்ன செய்வது?

இப்படிப்பட்டவர் வகுப்புக்குள் போனால் மட்டும் ஊமையாகிவிடுவார். அதுதான் எனக்குப் புரியாத விஷயம்.

என்னுடையது பி.காம். மூன்றாம் வருஷத்துக்குச் செலவுக் கணக்கியல். அதே பிள்ளைகளுக்கு வேலைவாய்ப்புத் திறன் என்று ஒரு பாடம் புதிதாக வந்து, அது இவர் கைக்குப் போனது. என் வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அவர் பாடம் நடக்கும்போது நான் இந்தப் பக்கம் இரண்டாம் வருஷப் பிள்ளைகளுக்கு நோட்ஸ் சொல்ல, அவர்கள் எழுத, என் பக்கம் மழை பெய்வதுபோல ஒரே சத்தமாக இருக்கும். அந்தப் பக்கம் முதலில் சாக்பீஸ் கீச்சிடும். பிறகு ஒன்றுமே கேட்காது. இடைவேளையில் எட்டிப் பார்த்தேன். கரும்பலகையில் ஒரே ஒரு வரி: 'நம் கேன்டீனில் தினமும் சாப்பாடு மிஞ்சுகிறது, தினமும் சில பேருக்குச் சாப்பாடு கிடைப்பதும் இல்லை. ஏன்?' டீச்சர் கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கக் கன்னம் உப்பியிருந்தது. வாயில் உப்பு நெல்லிக்காய். அவருடைய அம்மா ஊறப்போட்டுக் கொடுக்கும் ஜாடி எப்போதும் பையில் இருக்கும். தொண்டைக்கு நல்லது என்று அடக்கிக்கொள்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஊட்டிக் குளிருக்கு ஆளாளுக்கு ஒரு வைத்தியம்.

பிள்ளைகள் கெஞ்சுவார்கள். "டீச்சர், விடையைச் சொல்லுங்க டீச்சர். நோட்ஸாவது குடுங்க." அவர் நெல்லிக்காயை அந்தக் கன்னத்திலிருந்து இந்தக் கன்னத்துக்குத் தள்ளிவிட்டு மூன்றே கேள்வி கேட்பார். "நமக்குத் தெரிஞ்சது என்ன? தெரியாதது என்ன? யார்கிட்ட போய்க் கேக்கலாம்?" அதற்கு மேல் குத்துவிளக்கு வைத்து வேண்டினாலும் ஒரு வார்த்தை வராது. பிள்ளைகள் சமையல்காரரிடம் போவார்கள், தட்டு கழுவும் அம்மாவிடம் போவார்கள், சாப்பிடாமல் திரும்பும் விடுதிப் பிள்ளைகளிடம் போவார்கள். திரும்பி வந்து தங்களுக்குள் சண்டை போடுவார்கள். டீச்சர் பார்த்துக்கொண்டிருப்பார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏனுங்க டீச்சர், பாடத்தை முடிக்காம பசங்களை ஊர் சுத்த உட்டா எப்படிங்க? பரிச்சையில கேன்டீன் சாம்பாரைப் பத்தியா கேக்கப் போறாங்க?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"வேலைக்குப் போற எடத்துல சாம்பாரைப் பத்தித்தான் சார் கேப்பாங்க" என்றார். சொல்லிவிட்டு, கணக்குத் துறைத் தலைவர் வீட்டில் பெண் பார்க்க வந்தவர்கள் என்ன சொல்லிவிட்டுப் போனார்கள் என்பதை எனக்கு விலாவாரியாகச் சொன்னார். நான் கேட்கவே இல்லை.

அந்த வருஷம் ஜெனியும் மூன்றாம் வருஷம். அவளுக்கு நானே பாடம் எடுக்கிறேன் என்பது ஒருபக்கம் இருக்கட்டும். அவளுடைய அம்மா போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். படிப்பு முடிந்ததும் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குப் போகிறேன் என்று அவள் சொல்ல ஆரம்பித்திருந்தாள். மலையில் என்ன வேலை இருக்கிறது? கட்டடம் கட்டுகிறவன் கட்டுகிறான், சுற்றிப் பார்க்கிறவன் பார்க்கிறான். படித்த பிள்ளைகள் பஸ் ஏறிக் கீழே இறங்கிவிடுகிறார்கள். இவளும் இறங்கிவிட்டால் நான் யாரோடு சண்டை போட்டுக்கொண்டு சாப்பிடுவது? அவளை என் கண்ணெதிரே வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு அப்படி ஒரு ஆசை. வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அப்போதுதான் டீச்சர் ஒரு தேயிலை ஃபேக்டரியைப் பிடித்துக்கொண்டு வந்தார். சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கி அரைக்கிற ஃபேக்டரி. அதன் மேனேஜரைப் பார்க்க எங்கள் இருவரையும் பிரின்சிபால் அனுப்பியிருந்தார். உட்கார்ந்த உடனே டீச்சர், "எங்க பிரின்சிபால் உங்களைக் கஞ்சப்பிசினாறின்னு சொன்னாருங்க. நீங்க டீயெல்லாம் குடுக்கறீங்களே!" என்றார். எனக்கு நாற்காலிக்கு அடியில் புகுந்துகொள்ளலாம்போல இருந்தது. மேனேஜர் ஒரு நிமிஷம் முறைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "உங்ககிட்ட ஒண்ணும் நிக்காது போலிருக்கே மேடம்" என்றார். அந்தப் பேச்சு பிற்பாடு எவ்வளவு உதவப்போகிறது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

மேனேஜருடைய பிரச்சினை இதுதான். லாரி பல லைன்களில், அதாவது பல ஊர்ப் பாதைகளில், போய் இலை எடுத்து வருகிறது. இத்தலார் தாண்டிப் போகும் ஒரு லைனில் வருகிற இலை மட்டும் வழியிலேயே சூடாகிச் சிவந்துபோகிறது. சிவந்த இலையில் நல்ல தூள் வராது. அதைவிடத் தூரத்து லைனில் இலை பச்சையாகவே வருகிறது. "காத்தோட்டமா இருக்கணும்னு எல்லா விவசாயிக்கும் வலைப்பை குடுத்திருக்கோமுங்க. பிளாஸ்டிக் சாக்குல இலை போட்டா பட்டியல்ல பேரையே அடிச்சிடுவோம்னு சொல்லியும் வச்சிருக்கோம். அப்படியும் சிவக்குது. இந்த சீசனோட அந்த லைனையே நிறுத்திடலாம்னு இருக்கேன்" என்றார். பிள்ளைகள் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வழியும் சொன்னால், அவர்களில் இரண்டு பேருக்கு ஃபேக்டரியிலேயே வேலை தருவதாகச் சொன்னார்.

ஊட்டியிலிருந்தே போய்வரலாம். எனக்கு வேறென்ன வேண்டும்? வீட்டுக்கு வந்ததும் ஜெனியிடம், "கண்ணு, எப்படியாவது கண்டுபிடிச்சிடு" என்றேன்.

"கண்டுபிடிச்சா திருப்பூர் போகலை, போதுமா?" என்றாள்.

பிள்ளைகள் இலை லாரியில் தொற்றிக்கொண்டு போனார்கள். கல்லூரிச் சீருடை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் கேள்வித்தாள். எடை போடும் கொட்டகையில் விவசாயிகள் வரிசையில் நின்றார்கள். எல்லோர் கையிலும் வலைப்பை. "பிளாஸ்டிக் சாக்குல போடுவீங்களா?" என்று கேட்டால், "சேச்சே, வலைதானுங்க" என்று தூக்கியே காட்டினார்கள். அப்புறம் என்ன? லாரி தாமதமாக வருகிறது, அதுதான் காரணம் என்று பிள்ளைகள் முடிவுகட்டினார்கள். டீச்சரிடம் போய்ச் சொன்னார்கள். அவர் நெல்லிக்காயைச் சப்பிக்கொண்டே, "அப்படியா? பரிசோதனை பண்ணிப் பாருங்க" என்றார்.

நான் விடவில்லை. அவரிடம் எப்படியும் விடையைக் கறந்துவிடலாம் என்று ஊட்டி வர்க்கி ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போனேன். "டீச்சர், உங்களுக்கு எதையும் மறைக்கத் தெரியாதுங்க. லாரிதான் காரணமா, இல்லையா? எங்காதுல மட்டும் சொல்லுங்க."

"தெரிஞ்சா சொல்லமாட்டேனா சார்?" என்றார். ஒரு வர்க்கியைக் கடித்தார். "உங்க பக்கத்து வீட்டுக்காரர் வீட்டை விக்கப்போறார், தெரியுமா?" அது எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருந்தது.

பிள்ளைகளின் யோசனைப்படி மேனேஜர் லாரியை அந்த லைனுக்கு முதலாவதாக அனுப்பினார். இலை அப்படியும் சிவந்துதான் வந்தது. மேனேஜர் போனில் என்னைப் பிடித்து, "டீசல்தானுங்க வீணாப் போச்சு" என்றார். ஜெனி அன்றைக்குச் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு வந்ததே கோபம்! மறுநாள் ஸ்டாஃப் ரூமிலேயே கத்தினேன். "புள்ளைங்க தப்பான வழியில போகுதுன்னா தடுக்க வேண்டாமுங்களா? என் புள்ளையோட பொழப்புங்க இது. உங்களுக்கு விளையாட்டா?"

டீச்சர் ஜாடியைத் திறந்து மூடினார். கன்னம் உப்பியிருந்தது. கண் கலங்கியிருந்த மாதிரியும் இருந்தது. நெல்லிக்காய்ப் புளிப்பாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு ஒருநாள் ஜெனி லாரியைத் தவறவிட்டாள். டவுன் பஸ்ஸில் போனவள், லாரி வழியெல்லாம் நின்று வருவதற்கு வெகுநேரம் முன்னாலேயே போய் இறங்கியிருக்கிறாள். மழைத் தூறல். சீருடைக்கு மேல் என் பழைய கோட்டு. அடையாள அட்டை உள்ளே மறைந்துபோயிற்று. கொட்டகைக்குக் கீழே வளைவில் ஐந்தாறு பெண்கள் தரையில் உட்கார்ந்து உரச்சாக்குகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். பிளாஸ்டிக் சாக்கிலிருந்து திணித்த இலை கட்டியாக விழுகிறது. அதை உதறி வலைப்பைக்குள் போடுகிறார்கள். ஜெனியும் பக்கத்தில் உட்கார்ந்து உதறிக் கொடுத்திருக்கிறாள். இலை கையைச் சுட்டிருக்கிறது.

அதில் ஓர் அக்கா எங்களுக்குத் தெரிந்தவர். பண்டிகைக்குப் பண்டிகை எங்கள் கோயிலுக்கு வருவார். அவர்தான் இவளைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார். கேரட் பாத்தியைச் சுற்றி, பீட்ரூட் பாத்தியைச் சுற்றி, ஃபேக்டரி கொடுத்த வலைப்பைகளைப் பிரித்துத் தைத்து வேலி. "காட்டுப்பன்னியும் முள்ளம்பன்னியும் ராத்திரியோட ராத்திரியா வாரிட்டுப் போயிடுது கண்ணு. தேயிலை இன்னிக்கு வெல இருக்கும், நாளைக்கு இருக்காது. கேரட்டுதான் எங்களுக்குச் சோறு. ஊட்டுக்கு ஒண்ணு ரெண்டு வலை மட்டும் எடைக்குன்னு வச்சிருக்கோம். சொல்லிப்போடாதே, பேரை அடிச்சிப்போடுவாங்க" என்றாராம். மற்ற லைன்களில் தேயிலை மட்டும்தான். இந்த லைனில்தான் தேயிலையும் காய்கறியும்.

அன்று ஜெனி வீட்டுக்கு வந்து என்னிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். எந்தெந்த வீடு என்பது உட்பட. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்புறமென்ன, மேனேஜர்கிட்ட போய்ச் சொல்லிடு!"

"எப்படிப்பா சொல்றது? அந்த அக்கா பேரை அடிச்சிடுவாங்களே."

"சரி, டீச்சர்கிட்டயாச்சும் சொன்னியா?"

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "டீச்சர்கிட்டயா? சன் டிவியில செய்தி வாசிச்சிடலாம். எங்க குரூப்ல எல்லாரும் சத்தியம் பண்ணியிருக்கோம். டீச்சருக்கு மட்டும் தெரியக்கூடாது. நீங்களும் சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன். அதன் பிறகு பிள்ளைகள் டீச்சரைக் கண்டால் பேச்சை மாற்றுவார்கள். வகுப்பில் அவர் மூன்று கேள்வியையும் கேட்பார். "இன்னும் யோசிக்கிறோம் டீச்சர்" என்று கோரஸாகப் பதில் வரும். தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்குச் சிரிப்பு வரும். பாவமாகவும் இருக்கும். எல்லோருடைய ரகசியமும் தெரிந்த மனுஷிக்குத் தன் வகுப்பு ரகசியம் தெரியவில்லையே என்று.

ஃபேக்டரியில் பிள்ளைகள் தங்கள் முடிவைச் சொல்லும் நாள் வந்தது. மேனேஜர், கணக்கர், துறை சார்பில் நான், டீச்சர். ஜெனி எழுந்து நின்றாள். "சார், பதில் சொல்றதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு உறுதி வேணும். நாங்க சொல்றதை வச்சு எந்த விவசாயி பேரையும் அடிக்கக்கூடாது" என்றாள்.

மேனேஜர் சம்மதம் என்று தலையாட்டினார். அவள் சொன்னாள். வலை, வேலி, கேரட், உரச்சாக்கு எல்லாம். சரிசெய்ய வழியும் சொன்னாள். பாய்லர் ரூமுக்குப் பின்னால் கிழிந்த வலைப்பைகள் மலையாகக் குவிந்து கிடக்கின்றன. இலைக்கு ஆகாது, வேலிக்கு ஆகும். அவற்றை அந்த லைனுக்குக் கொடுத்துவிட்டால் நல்ல வலை இலைக்கு வந்துவிடும்.

மேனேஜர் முகம் சிவந்துவிட்டது. "என் வலையில கேரட்டுக்கு வேலியா? யாரு? எந்தெந்த வீடு? அதைச் சொல்லும்மா முதல்ல."

"உறுதி குடுத்தீங்களே சார்."

"பேரை அடிக்கமாட்டேன்னுதான் சொன்னேன். யாருன்னு எனக்குத் தெரியவேண்டாமா? இங்க வேலைக்கு வரப்போற பொண்ணு எங்கிட்ட மறைச்சா எப்படி?"

ஜெனி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். "சொல்லமாட்டேன் சார்" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். வேலை போயிற்று என்றே நினைத்தேன். திருப்பூர் பஸ் கண் முன்னால் வந்து நின்றது. மற்ற பிள்ளைகளும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

மேனேஜர் சட்டென்று டீச்சர் பக்கம் திரும்பினார். "மேடம், நீங்க சொல்லுங்க. உங்ககிட்ட ஒண்ணும் நிக்காதே. யார் யாரு?"

டீச்சர் வாயில் அன்றைக்கும் நெல்லிக்காய். நிதானமாக அதை ஒதுக்கினார். "எனக்குத் தெரியாதுங்க. இவங்க சொல்லித்தான் வலை விஷயமே எனக்கு இப்பத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னாங்களா பாருங்க, எம்பிள்ளைங்க!" என்றார்.

மேனேஜர் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா எனக்கு முந்தாநாளே தெரிஞ்சிருக்கும். சரி, உடுங்க. இலை பச்சையா வந்தாப் போதும்." அடுத்து என்னைக் கேட்பாரோ என்று நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை.

கிழிந்த வலைகள் போயின. சில நாட்களில் அந்த லைனில் இலை பச்சையாக வர ஆரம்பித்தது. ஜெனிக்கும் இன்னொரு பையனுக்கும் வேலை கிடைத்தது. அவள் திருப்பூர் போகவில்லை. நான் மெழுகுவர்த்தி ஏற்றி ஜெபம் சொன்னேன்.

மேனேஜர் பிரின்சிபாலிடம் எங்கள் பிள்ளைகளை ஏகத்துக்கும் புகழ்ந்திருக்கிறார். புகழ்ந்ததோடு விட்டிருக்கலாம். "பசங்க கெட்டிக்காரங்க. டீச்சருக்குத்தான் பாவம், ஒண்ணுமே தெரியலை" என்று ஒரு வார்த்தை சேர்த்துவிட்டார். கோடை விடுமுறை முடிந்து போனால் டீச்சருடைய நாற்காலி காலி. "விடை தெரியாதவங்களை வச்சுப் பாடம் நடத்தினா நாளைக்கு யார் பதில் சொல்றது?" என்று பிரின்சிபால் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார். அந்தப் பாடம் என் தலையில் விழுந்தது. நான் வாதாடிப் பார்த்தேன். அவர் பச்சை ஸ்வெட்டரைத் தடவிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

பெட்டியை எடுத்துப்போக டீச்சர் வந்த அன்று நானும் ஊட்டி பஸ் நிலையம்வரை கூடப் போனேன். கூடலூர் பஸ் இன்னும் வரவில்லை. பைக்காரா பக்கம் நல்ல மழை, வண்டி மெதுவாகத்தான் வரும் என்றார்கள். டீ வாங்கிக் கொடுத்தேன். வழிநெடுக அவர் வாய் ஓயவில்லை. புது நூலகர் யாரைக் காதலிக்கிறார் என்பதுவரை வந்துவிட்டது. வேலை போனதைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை.

"டீச்சர், உங்க பாடத்தை எங்கிட்டக் குடுத்துட்டாங்க" என்றேன். "எனக்கு நோட்ஸ் சொல்லத்தானுங்க தெரியும். விடை தெரியாம எப்படி டீச்சர் நீங்க கிளாஸ் எடுத்தீங்க?"

"தெரியாமலா?" டீ கிளாஸை டக்கென்று வைத்தார். "சார், எங்க அம்மா இன்னிக்கும் தேயிலைதான் பறிக்கிறாங்க. எங்க வீட்லயும் எடைக்குன்னு ஒரு வலை இருக்கு. கோயிலுக்குக் கட்டற சேலை மாதிரி மடிச்சு வச்சிருப்பாங்க. மத்ததெல்லாம் மரவள்ளிக்கு வேலி. அந்த மேனேஜர் வாயைத் தொறந்த அன்னிக்கே எனக்குத் தெரியும் சார்!"

"தெரிஞ்சுமா... பசங்க லாரி லாரின்னு அலைஞ்சாங்களே. நான் அந்தக் கத்து கத்தினேனே!"

"வலிச்சுது சார். அன்னிக்கு ரெண்டு நெல்லிக்காய் போட்டேன்." சிரித்தார். "என் வாய் உங்களுக்குத் தெரியாததா? வெறும் வாயா இருந்தா எல்லாத்தையும் கொட்டிடுவேன். அதுக்குத்தான் கிளாஸ்ல இது. நான் விடையைச் சொல்லியிருந்தா பசங்க அதைக் கொண்டுபோய்க் குடுத்து வேலையை வாங்கியிருப்பாங்க. ரோட்டோரத்துல உக்காந்து அந்தச் சூட்டு இலையை உதறியிருக்கமாட்டாங்க. மேனேஜர் பேரைக் கேட்டதும் சொல்லியிருப்பாங்க சார். பின்னே? ஜெனி ஏன் சொல்லலை? அவ கையைத்தானே சுட்டுது!"

"சரிங்க டீச்சர். பிரின்சிபால்கிட்டயாவது தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? வேலை நிலைச்சிருக்குமே!"

"சொன்னா மேனேஜர் காதுக்குப் போகும். அவர் மறுபடியும் யாருன்னு கேப்பார். அந்த லைன்ல யார் யாருன்னும் என் காதுக்கு வந்தாச்சு. ரெண்டாவது தடவை என் வாய் நிக்குமா?" தலையை ஆட்டினார். "வாழ்க்கையில நான் வாயை மூடினது அந்த ஒரு விஷயத்துலதான் சார். அப்பப்பா, வயிறே வீங்கிப்போச்சு."

மழையில் நனைந்துகொண்டு கூடலூர் பஸ் வந்தது. நான் பெட்டியை ஏற்றினேன். அவர் பையைத் துழாவி நெல்லிக்காய் ஜாடியை எடுத்து என் கையில் திணித்தார். "பாடத்துக்கு வேற ஒண்ணும் வேண்டாம். இது போதும். சர்க்கரைக்கும் நல்லது." படியில் ஏறியவர் திரும்பினார். "சார், ஜெனிகிட்ட சொல்லிடாதீங்க. டீச்சருக்குத் தெரியாததை நாங்க கண்டுபிடிச்சோம்னு அவங்களுக்கு ஒரு சந்தோஷம் இருக்கில்ல? அது அப்படியே இருக்கட்டும்." பஸ் நகர்வதற்குள் முன் இருக்கைப் பெண்ணின் போனை எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். என்ன சொன்னாரோ, அந்தப் பெண் தலையில் கைவைத்துக்கொண்டதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

பிறகு அவரை நான் பார்க்கவில்லை. கூடலூர்ப் பக்கம் ஏதோ ஒரு கல்லூரியில் இருக்கிறார் என்று கேள்வி.

ஜெனி இப்போது ஃபேக்டரியில் இலை எடுக்கும் எல்லா லைன்களையும் பார்த்துக்கொள்கிறாள். புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பதும் அவள்தான். போன வாரம் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "புதுப் பசங்க எடைக் கணக்குல தப்பா யோசிச்சிட்டே போறாங்கப்பா. எனக்குக் காரணம் தெரியும். அவங்களே கண்டுபிடிக்கட்டும்னு சொல்லாம இருக்கேன். தெரிஞ்சும் சொல்லாம இருக்கிறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? நெஞ்சு அடைக்குது." தண்ணீர் குடித்துவிட்டுச் சிரித்தாள். "நம்ம டீச்சர் குடுத்து வச்சவங்க. அவங்களுக்கு அந்தக் கஷ்டமே இல்லை. அவங்களுக்குத்தான் கடைசிவரைக்கும் ஒண்ணுமே தெரியாதே!"

உண்மை என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். அலமாரியைத் திறந்து, தீரத்தீர நான் ஊறப்போட்டு வைக்கும் டீச்சருடைய ஜாடியிலிருந்து ஒரு நெல்லிக்காயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

"என்னப்பா, சாப்பாட்டு நடுவுல?" என்றாள் ஜெனி.

கன்னத்தைக் காட்டிக் கையை ஆட்டினேன், பேச முடியாது என்று.